கண்புரையைத் தள்ளிப்போடும் அன்றாடப் பழக்கங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் அல்ல. வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் வாங்க வரும் பெரியவர்கள் பலர் படிவத்தை நீட்டி, "நீயே எழுதிக் குடுப்பா, மங்கலாத் தெரியுது" என்பார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதையே அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை நமக்கு வேண்டாம்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், நீரும் புரதமும் சேர்ந்தது. வயதாக ஆகப் புரதம் திரண்டு லென்ஸ் மங்குவதே கண்புரை. வயதை நிறுத்த முடியாது. ஆனால் புரையை விரைவுபடுத்தும் சில காரணங்கள் நம் கையில் உள்ளன.

1. வெயில்: புற ஊதாக் கதிர்கள் லென்ஸைப் பாதிக்கும். வெளியே போனால் குடையோ தொப்பியோ அவசியம். கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள்; 'யூ.வி. 400' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

2. புகை: பீடி, சிகரெட்டை எந்த வயதில் விட்டாலும் நன்மைதான்.

3. சர்க்கரை: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரமே வரும். மாத்திரை, நடைப்பயிற்சி இரண்டையும் விடாதீர்கள்.

4. ஸ்டீராய்டு: இதுதான் பலருக்குத் தெரியாதது. கண் சிவந்தால் பழைய சீட்டைக் காட்டிச் சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் போடுகிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புரையும் வரலாம், கண் அழுத்தமும் கூடலாம். ஆஸ்துமா, மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொல்லிக் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

5. உணவு: முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கொய்யா, பப்பாளி போதும். விலையுயர்ந்த டப்பாக்கள் தேவையில்லை.

வந்துவிட்ட புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. அறுவை சிகிச்சைதான் வழி. "முற்றட்டும்" என்று காத்திருக்கும் காலமும் போய்விட்டது. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே செய்துகொள்ளலாம். மிகவும் முற்றினால் அறுவை சிகிச்சை கடினமாகும். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் இல்லாதவர்களுக்கும் பார்வை கிடைக்கும் என்று காட்டியது. அரசு மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை இலவசம்.

இன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தினசரி காலண்டரைப் படியுங்கள். பிறகு மற்றக் கண்ணால் படியுங்கள். ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மறைத்துவிடும். வித்தியாசம் தெரிந்தாலோ, இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு கூசினாலோ, கண்ணாடிப் பவர் அடிக்கடி மாறினாலோ உடனே காட்டுங்கள். நம் படிக்கட்டில் யாரும் தடுக்கி விழ வேண்டாம்.