வாண்டாவைப் படத்தில் அடையாளம் காண்போம்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நம் மாணவர்கள் 'வாண்டா' என்று உடனே எழுதிவிடுவார்கள். அதே வாண்டா தோப்பில் மாமரத்தின் மேல் இருந்தால், புல்லுருவி என்று நினைத்துப் பிய்த்துப் போடுவோரும் உண்டு. புல்லுருவி மரத்துக்குள் வேர் இறக்கி அதன் நீரையும் உப்புகளையும் உறிஞ்சும். வாண்டாவுக்கு மரம் உட்காரும் இடம் மட்டுமே. தொங்கும் வேர்களின் வெலாமன் திசு மழைநீரையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். பெயர் தெரிந்தும் செடி தெரியாததால் ஒரு செடி சாகிறது.

படத்தைக் கொண்டு தாவரத்தை அறிவது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. வில்லியம் ராக்ஸ்பரோ இந்திய ஓவியர்களைக் கொண்டு சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களை வரைவித்தார். 1795இல் வெளிவரத் தொடங்கிய அந்த நூலில் இந்த ஆர்க்கிடும் உண்டு. இன்றைய பெயர் வாண்டா டெசல்லேட்டா. இதழ்களில் உள்ள கட்டங்களால் வந்த பெயர்.

செங்கல்பட்டுப் புதர்க்காட்டிலோ மாமல்லபுரம் பக்கத்துத் தோப்பிலோ ஓர் ஆர்க்கிடைக் கண்டால் ஐந்து படங்கள் எடுக்கச் சொல்லுங்கள்: மரத்தோடு முழுச்செடி, வேர், இலை நுனி, பூவின் முன்புறம், பூவின் பக்கவாட்டும் பின்புறமும். நாளையும் இடத்தையும் குறிக்கட்டும். பூவைப் பறிக்க வேண்டாம்.

பச்சை கலந்த மஞ்சள் இதழில் பழுப்புக் கட்டங்கள், வெளிறிய பின்புறம், நீலமோ ஊதாவோ கலந்த உதட்டிதழ் இருந்தால் வாண்டா டெசல்லேட்டா என்று கருதலாம். சிறிய மஞ்சள் பூக்கள் கொத்தாக, சிவப்புக் கோடுகளுடன் இருந்தால் அது அகாம்ப்பேவாக இருக்கலாம். இரண்டுக்கும் வார் போன்ற இலைகளே. ஆகவே இலைப்படம் மட்டும் இருந்தால் 'ஆர்க்கிடு குடும்பம்' என்று நிறுத்திக்கொள்வதே சரியான விடை. அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

கைப்பேசிச் செயலி நொடியில் ஒரு பெயர் சொல்லும். அது ஊகம், முடிவல்ல. 'எதைக் கண்டு சொல்கிறாய்?' என்று மாணவரைக் கேளுங்கள். அந்தக் கேள்விதான் பாடம்.

ஒரு வேண்டுகோள். செடி நிற்கும் சரியான இடத்தைப் பொதுவில் பகிர வேண்டாம். பிடுங்கி விற்பவர்களும் பார்ப்பார்கள். மரம் வெட்டப்படும் இடங்களில் மட்டும், அனுமதி பெற்று, விழுந்த கிளையிலுள்ள செடியைப் பள்ளி வளாக மரத்தில் கயிற்றால் கட்டிவையுங்கள். வேர் பற்றிக்கொண்டால், அடுத்த வகுப்புக்கு எடுத்துக்காட்டு வாசலிலேயே இருக்கும்.