பொன்மலை: கம்பெனி கட்டிய குடியிருப்பும் மக்கள் ஆக்கிய ஊரும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சிறப்பையோ பழம்பெரும் நகரங்களின் பெருமையையோ எடுத்துரைப்பது நமது வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, மூவேந்தர் வரலாற்றிலும் தலபுராணங்களிலும் இடம் பெறாத ஒரு சிறிய ரயில்வே ஊரைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. இங்கே கூடியிருக்கும் நம்மில் பெரும்பாலோர் உத்தியோகத்தின் பொருட்டு வந்து காலனி வீடுகளில் குடியிருப்பவர்கள். வேலை உள்ளவரையில்தான் அவ்வீடு நமக்கு. ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டியவர்கள் நாம். நம் பிள்ளைகளிடம் யாரேனும் “உங்களுக்கு எந்த ஊர்?” என்று வினவினால், தாம் பிறந்து வளர்ந்த இக்காலனியைச் சொல்வதா, பாட்டனார் பிறந்த கிராமத்தைச் சொல்வதா என்று அறியாது தயங்குகின்றனர். இதே கேள்வியை நமக்கு முன்னரே எதிர்கொண்டு, தன்னளவில் ஒரு விடையும் கண்ட ஊர் திருச்சிராப்பள்ளிக்கு அருகே இருக்கிறது. அதுவே பொன்மலை.

திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குத் தென்கிழக்கே சில கல் தொலைவில் உள்ள ஒரு பாறைக் குன்றே இவ்வூருக்குப் பெயர் தந்தது. 1753ஆம் ஆண்டில் மேஜர் லாரன்சு தலைமையில் ஆங்கிலேயப் படை, பிரெஞ்சுக்காரரோடும் மைசூர்ப் படையோடும் இக்குன்றைப் பற்றுவதற்காகப் போரிட்டு வென்றது. ஆங்கில வரலாற்று நூல்களில் ‘கோல்டன் ராக்’ என்ற பெயர் இடம் பெற்றது அப்போரினால்தான். அதன் பின்னர் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் அப்பெயரை உலகம் நினைத்துப் பார்க்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1861இல், நாகப்பட்டினத்திற்கும் தஞ்சாவூருக்கும் இடையே மற்றொரு பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டே அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. கடலையும் காவிரியின் கழனிகளையும் இணைத்த இப்பாதையே பின்னாளில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியாக வளர்ந்தது. துறைமுகம் நாகையில் இருந்தமையால் எஞ்சின்களையும் வண்டிகளையும் செப்பனிடும் தொழிற்சாலையும் நாகையிலேயே அமைந்தது. கொல்லர், தச்சர், வார்ப்பு வேலைக்காரர் என நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன.

பாதைகள் பெருகின. தஞ்சை, மதுரை, ஈரோடு முதலிய திசைகளிலிருந்து வந்த பாதைகள் திருச்சியில் கூடின. கம்பெனியின் தலைமை அலுவலகமும் அங்கேயே இருந்தது. ஆகவே, கடற்கரை மூலையில் இருந்த தொழிற்சாலையைப் பாதைகளின் நடுவே கொண்டுவருவது சிக்கனம் என்று கம்பெனி கருதியது. பொன்மலைக் குன்றின் அருகே புதிய பணிமனை எழும்பியது. 1928இல் நாகையின் தொழிற்சாலை அங்கே மாற்றப்பட்டது. ஓர் ஊர் வாழ மற்றோர் ஊர் வாட நேர்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் தலைமுறையாகக் காலூன்றிய குடும்பங்கள் பெட்டி படுக்கைகளோடு பொன்மலைக்கு வந்து இறங்கின. வர இயலாதவர்கள் பிழைப்பை இழந்தனர்.

இம்மாற்றம் அமைதியாக நிகழவில்லை. புதிய இயந்திரங்கள் வந்தால் பழைய கைகள் வேண்டியதில்லை என்ற கணக்கில், 3,100 பேருக்கு மேற்பட்டோரை நீக்கக் கம்பெனி திட்டமிட்டது. வேலையில் நீடிக்க விரும்புவோர் தங்கள் தேர்ச்சியைச் சோதனையில் நிறுவ வேண்டும் என்றும் விதித்தது. இருபது ஆண்டு சம்மட்டி பிடித்த கைக்கு மீண்டும் ஒரு பரீட்சையா என்று தொழிலாளர் கொதித்தனர். 1928ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தொடங்கிய போராட்டம் தென்னகமெங்கும் பரவி, தோல்வியில் முடிந்தது. அதை முன்னின்று நடத்திய ம. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறையிடப்பட்டனர். சிங்காரவேலருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பொன்மலை இவ்வாறு, வேலை இழந்தோரின் துயரத்தோடு சேர்ந்தே பிறந்தது.

அன்பர்களே! கம்பெனி கட்டிய குடியிருப்பு எத்தகையது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். நேர்கோட்டுத் தெருக்கள், நிழல் தரும் மரங்கள், மருத்துவமனை, பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் என எல்லாம் ஒழுங்காக அமைந்தன. அக்காலத்துக் கிராமங்கள் கண்டிராத வசதிகள் அவை. ஆனால் அந்த ஒழுங்கில் ஓர் ஏணியும் இருந்தது. துரைமார்களுக்குத் தோட்டத்தோடு கூடிய பங்களா. ஆங்கிலோ-இந்தியர் மிகுதியாக இருந்த மேல்நிலைப் பணியாளருக்கு நடுத்தர வீடு. கலாசிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒற்றை அறை வரிசை வீடு. ஒருவருடைய வீட்டின் அளவைக் கொண்டே அவருடைய சம்பளத்தைச் சொல்லிவிடலாம். பொழுதுபோக்கு மன்றங்களிலும் இன்னார் நுழையலாம், இன்னார் நுழையலாகாது என்ற வேறுபாடு வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் ரயில்வே எங்கும் நிலவியது.

நாளையும் பொழுதையும் கம்பெனியே அளந்து கொடுத்தது. பணிமனைச் சங்கு ஊதினால் ஊர் எழும். மீண்டும் ஊதினால் ஊர் உண்ணும். ஆர்மரி கேட் என்று இன்றும் வழங்கும் வாயிலின் வழியே தொழிலாளர் கூட்டம் உள்ளே செல்வதும் வெளியே வருவதுமே அவ்வூரின் கடிகாரம். சங்கு ஊதுமுன் அடுப்பை மூட்டிச் சோற்றுத் தூக்கை நிரப்பிக் கணவரையும், பின்னர்ப் பிள்ளைகளையும் அனுப்பி வைத்த தாய்மார்களின் உழைப்பு எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறவில்லை. ஆயினும் அவ்வுழைப்பு இன்றிப் பணிமனையின் ஒரு சக்கரமும் சுழன்றிராது என்பதை இங்குள்ள தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

இவ்வளவும் கம்பெனி தந்தவை. எனினும், ஊர் என்று நாம் சொல்வது இவற்றால் ஆகிவிடுவதில்லை. பொன்மலையை ஊராக்கியவை மக்கள் தாமே தேடிக்கொண்ட சில. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது, சந்தை. ஞாயிறுதோறும் கூடும் பொன்மலைச் சந்தையைத் திருச்சி வட்டாரத்தில் அறியாதார் இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து காய்கறியும், கீரையும், கோழியும், கருவாடும் வந்து குவியும். வார நாட்களில் பங்களாத் தெரு வேறு, வரிசை வீட்டுத் தெரு வேறு. சந்தை நாளில் அதிகாரி வீட்டுப் பையும் கலாசி வீட்டுப் பையும் ஒரே கத்தரிக்காய்க் குவியலின் முன் நிற்கும். தமிழும், தெலுங்கும், மலையாளமும், ஆங்கிலோ-இந்தியப் பெண்டிரின் கொச்சைத் தமிழும் அங்கே பேரம் பேசும். காலனியைச் சுற்றியிருந்த உழவர்க்கும் காலனி மக்களுக்கும் உறவு ஏற்பட்டது இச்சந்தையில்தான். தன் சுற்றுப்புறத்தாரோடு உறவு கொள்ளாத குடியிருப்பு, வேலி போட்ட விடுதியாகவே இருந்துவிடும்.

இரண்டாவது, சங்கம். 1928இன் தோல்விக்குப் பின்னரும் தொழிலாளர் ஒற்றுமை மாயவில்லை. எம். கல்யாணசுந்தரம், கே. அனந்தன் நம்பியார் போன்றோர் தொழிற்சங்கத்தை வளர்த்தனர். பின்னாளில் இவ்விருவரும் நாடாளுமன்றத்திலும் இடம் பெற்றனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், விலைவாசி ஏற்றத்தாலும் ஆட்குறைப்பு அச்சத்தாலும் நொந்திருந்த தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் 1946ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பர் 5ஆம் நாள் பொன்மலையில் மலபார் ஸ்பெஷல் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். தங்கவேலு, ராஜு, ராமச்சந்திரன், தியாகராஜன், கிருஷ்ணமூர்த்தி ஆகிய ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். சங்கத் திடல் என்று வழங்கும் இடத்தில் ஆண்டுதோறும் அந்நாளில் அவர்கள் நினைவு போற்றப்படுகிறது. அவர்களுடைய அரசியலை ஏற்போரும் ஏற்காதோரும் நம்மிடையே இருக்கலாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்நாள் வரையில் பொன்மலையின் நிலம் முழுதும் ரயில்வேயின் நிலம். அந்த ஐவர் வீழ்ந்த பின்னர், அத்திடல் மட்டும் மக்கள் மனத்தில் மக்களுடைய நிலமாகிவிட்டது.

மூன்றாவது, ஓய்வுக்குப் பின்னும் அகலாத உறவு. ரயில்வே ஊழியருக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தது 1957இல்தான். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்க்குச் சேமநல நிதியாகக் கிடைத்த தொகையே ஆதாரம். வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தபோது, பலர் சொந்தக் கிராமத்திற்குத் திரும்பவில்லை. பொன்மலைப்பட்டி, சுப்பிரமணியபுரம், செந்தண்ணீர்புரம் முதலிய அண்டைப் பகுதிகளில் சிறு மனை வாங்கிக் குடிசையோ ஓட்டு வீடோ கட்டி அமர்ந்தனர். ஏன் திரும்பவில்லை? மகன் பணிமனையில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருப்பான்; மகள் காலனியிலேயே வாழ்க்கைப்பட்டிருப்பாள்; நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள நண்பர்கள் மாலையில் அதே மரத்தடியில் கூடுவார்கள். கம்பெனி கேட்டு வாங்கிக்கொண்டது வீட்டை மட்டுமே. அண்டை அயலாரின் உறவை அது கொடுக்கவும் இல்லை. ஆகவே திரும்பப் பெறவும் இயலவில்லை.

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தென்னிந்திய ரயில்வே மற்ற இரு ரயில்வேக்களோடு இணைந்து தென்னக ரயில்வே ஆயிற்று. 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியா முழுவதும் நடைபெற்ற ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, நாட்டின் பல காலனிகளில் வேலைக்கு வராதவர்களின் குடும்பங்கள் வீடுகளினின்று வெளியேற்றப்பட்டன. காலனி வீடு எத்துணை நிலையற்றது என்பதை இந்திய ரயில்வேக் குடும்பங்கள் அப்போது கண்கூடாகக் கண்டன. தனி நகராட்சியாக விளங்கிய பொன்மலை, 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. நீராவி எஞ்சின்கள் மறைந்தன. டீசல் எஞ்சின்களைச் செப்பனிடும் பணி வந்தது. இயந்திரங்கள் பெருகிய அளவுக்குப் பணியாளர் தொகை குறைந்தது.

ஆயினும் ஒரு செய்தி நம் உள்ளத்தைக் குளிர்விக்கிறது. உதகமண்டலம் செல்லும் மலை ரயிலுக்கு வேண்டிய பற்சக்கர நீராவி எஞ்சின்கள் ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்தவை. அவை மூப்படைந்தபோது, 2010ஆம் ஆண்டிற்குப் பின், அவற்றுக்கு ஈடான புதிய நீராவி எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனையே உருவாக்கிற்று. நீராவிக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும் அத்தொழிலறிவு அங்கே எஞ்சியிருந்தது எவ்வாறு? மூத்தோர் இளையோருக்குக் கை பிடித்துக் கற்பித்த பழக்கம் ஊரில் அறுந்துபோகவில்லை என்பதே நாம் காணும் விடை.

இனி நம் காலனிக்கு வருவோம். இங்கும் நமக்கு வீடு தந்தவர் வேறொருவர். தெருவிற்குப் பெயரிட்டவரும் வேறொருவர். நாமும் ஒரு நாள் சாவியைக் கொடுத்துவிட்டுச் செல்வோம். நமக்குப் பின் இங்கே எது எஞ்சும்? பொன்மலையை அளவுகோலாகக் கொண்டு மூன்று வேண்டுகோள்களை இம்மன்றத்தின் முன் வைக்கின்றோம். இவ்வூரின் மண்ணின் மக்களோடு, அவர்கள் மொழியைக் கற்று, சந்தையிலும் திருவிழாவிலும் கலந்து பழகுவோம். நம் சங்கத்தில் அதிகாரி வரிசை, ஊழியர் வரிசை என்ற பிரிவினை நாற்காலியிலும் பந்தியிலும் தலைகாட்டாதவாறு காப்போம். காலனியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும், தாம் எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து வந்தோம், இங்கே என்ன தொழில் செய்தோம், யாரோடு பழகினோம் என்பதை ஒரு பக்க அளவிலாவது எழுதிச் சங்கத்திடம் ஒப்படைக்கட்டும். அப்பக்கங்களை ஆண்டு மலர் தோறும் வெளியிடுவோம்.

அவ்வாறு செய்தால், நம் பிள்ளைகளிடம் “எந்த ஊர்?” என்று எவரேனும் வினவும்போது அவர்கள் தயங்க வேண்டியிராது. பாட்டனாரின் கிராமத்தையும் சொல்லலாம், இக்காலனியையும் சொல்லலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.