ஐயனார் என்னும் பெயர்
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வன்னிக் குளக்கட்டுகளிலே, மரநிழலில், கோபுரமுங் கொடிமரமும் இன்றி வெறுங் கல்லாய் வீற்றிருக்குந் தெய்வம் ஐயனார். புத்தரிசி கொண்டு வளந்து வைத்துப் பொங்கி, மழையையும் குளத்தையும் காக்குமாறு நம்மவர் அவரை வேண்டுவர். அவர் பெயரின் பொருள் யாது?

"ஐ" என்னுஞ் சொல் தலைவனைக் குறிக்கும். வியப்பு என்னும் பொருளும் அதற்கு உண்டெனத் தொல்காப்பியர் கூறுவர். ஐ, ஐயன், மரியாதை விகுதி சேர்ந்து ஐயனார். "ஆரிய" என்னும் வடசொல்லே "அய்ய" எனத் திரிந்தது என்பாரும் உளர். எக்கூற்றைக் கொள்ளினும் பெரியோன், மூத்தோன் என்பதே கருத்து. நாம் தந்தையை "ஐயா" என்கிறோம். சிங்களவர் தமையனை "அய்யா" என்பர். அவர்களுள் உழவர் பலர் இத்தெய்வத்தை "ஐயநாயக்க" எனக் குளங்காவலுக்கு வணங்குவர். ஆகவே ஐயனார் என்பது இடுபெயரன்று. பெரியவரைப் பெயர் சொல்லாது அழைக்கும் நம் மரபிற் பிறந்த விளியேயாம்.

இன்றைய பிரான்சிலே முன்னாளில் வாழ்ந்த கோலியர்க்குச் சுசெல்லுஸ் என்றொரு தெய்வம் இருந்தது. "நன்கு அடிப்பவர்" என்று அப்பெயர்க்கு அறிஞர் பொருள் கொள்வர். அதுவும் இடுபெயர்போற் றோன்றவில்லை. நெடும்பிடிச் சுத்தியல் ஏந்திய அவருடைய உருவமும் பெயரும் ஒருங்கே பொறித்த கல், சார்புர்க் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டிற் கிடைத்தது. கல்லிலே பெயர் உண்டு. எதை அடித்தார், ஏன் அடித்தார் என்று சொல்ல அடியார் ஒருவரும் இலர்.

நம் ஐயனார் நிலை இதற்கு மறுதலை. அவர் கல்லிலே எழுத்தில்லை. அவரை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கின்றனர். ஆனால் 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரிலே வன்னிக் கிராமங்கள் வெறுமையாயின. முதியோர் பலர் மாண்டனர். திரும்பியோர் ஆண்டுதோறுங் குறைகின்றனர். எக்குளத்து ஐயனுக்கு எந்நாளிற் பொங்கல், முதற் பானை எக்குடியினர்க்கு உரியது என்பன அவர்கள் நாவில் மட்டுமே உள்ளன.

வாலிபர்களே! கோயிலுக்குச் சுண்ணாம்பு பூசுவது நற்பணியே. அதனோடு, ஆளுக்கொரு கொப்பி எடுத்து, தத்தம் ஊர்ப் பெரியவரிடஞ் சென்று கேட்டு எழுதுவோம். பெரியோர்களே! நாங்கள் வரும்போது சலியாது சொல்லுங்கள். ஐயா என்றழைத்தாற் போதாது. அவர் யாரென்றும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.