ஓலையில் பிசுபிசுப்பு, வாழையில் கருப்பு
(தென்னை உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இங்கு வரும் வழியில் ஒரு தோப்போரம் நின்று, தென்னைக்கு ஊடுபயிராக இருந்த வாழையின் இலையைத் தொட்டுப் பார்த்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. இலையின் மேற்புறம் அடுப்புக்கரி பூசியது போல் கருத்திருந்தது. உங்களில் பலருடைய தோப்பிலும் இதே நிலைதான் என்று காலையில் பேசும்போதே தெரிந்துகொண்டேன். ஆகவே இந்தப் பிசுபிசுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு விவசாயி என்னைத் தோப்புக்கு அழைத்துப் போனார். "வாழைக்கு ரெண்டு தரம் பூசண மருந்து அடிச்சுட்டனுங்க, கருப்பு போகவே மாட்டேங்குதுங்க" என்றார். நானும் அரைமணி நேரம் வாழை இலையையே புரட்டிக்கொண்டிருந்தேன். அடிப்புறத்தில் பூச்சி எதுவும் இல்லை. கையில் மெல்லிய தூறல் போல ஏதோ படவே, அண்ணாந்து பார்த்தேன். தென்னையின் கீழடுக்கு ஓலைகளின் அடிப்புறமெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்மை. வாழையில் நோயே இல்லை. மேலிருந்து வடிந்ததை அது ஏந்திக்கொண்டிருந்தது. அவருக்குப் பணம் போனது, எனக்கு அரைமணி நேரம் போனது.

அந்த வெண்மைக்குக் காரணம் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2016-ல், பொள்ளாச்சி, பாலக்காடு பகுதித் தென்னைகளில். சாதாரண வெள்ளை ஈயைவிடப் பெரியது. இறக்கையில் மங்கலான பழுப்புப் பட்டைகள் உண்டு. தாய் ஈ ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, மேலே வெண்மெழுகைத் தூவி மூடிவிடும். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே இருந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரை தேன் போன்ற கழிவாக வெளியே வரும். நம் கையில் ஒட்டுவது அதுதான். எறும்பு ஏறுவதும் அதைத் தேடித்தான்.

அந்த இனிப்பின் மேல் வளர்வது கரும்பூசணம். இது இலைக்குள் புகுவதில்லை. மேலேயே போர்வை போல் படிந்து வெயிலை மறைக்கிறது. இலை உணவு தயாரிப்பது குறைகிறது. மேலே இனிப்பு வடிந்துகொண்டிருக்கும் வரை பூசண மருந்து எத்தனை தரம் அடித்தாலும் கருப்பு திரும்ப வரும்.

ஆகவே பிசுபிசுப்பைக் கண்டால், ஒட்டுகின்ற இலையின் அடிப்புறத்தை முதலில் திருப்பிப் பாருங்கள். அங்கே பூச்சி இருந்தால் அது அந்தப் பயிரின் தொல்லை. வாழை, கொய்யாவிலும் இந்த ஈ குடியேறும் என்பதை மறக்க வேண்டாம். அடிப்புறம் சுத்தமாக இருந்தால் நேர் மேலே எந்த மரம் இருக்கிறதென்று பாருங்கள். மாந்தோப்பில் பூக்கும் பருவத்தில் இப்படி ஒட்டினால் தத்துப்பூச்சியாக இருக்கலாம்; அதற்கான வைத்தியம் வேறு.

இனி வைத்தியத்துக்கு வருவோம். பலரும் கேட்பது, "வேர்ல மருந்து கட்டலாமுங்களா?" என்பதே. வேண்டாம். காரணம் ஒரு சிறிய குளவி. என்கார்சியா என்று பெயர். கண்ணுக்குத் தெரிவதே அரிது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் தன் முட்டையை வைத்து, அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. இந்த ஈ இங்கே கண்டறியப்பட்டபோதே இந்தக் குளவியும் தோப்புகளில் இருந்தது. பூச்சிக்கொல்லி போட்டால் நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்யும் இந்த ஆளும் சாகிறான். பிறகு ஈ முன்னைவிட அதிகமாகப் பெருகுகிறது. நஞ்சு இளநீரில் இறங்கும் ஆபத்து வேறு.

குளவி உங்கள் தோப்பில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிடலாம். வெறும் கூடுகளில் ஊசியால் குத்தினாற்போல் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறியது. கிழிந்தாற்போல் பிளந்திருந்தால் ஈ வெளியேறியது. வட்டத் துளைகள் நிறைய இருந்தால் தோப்பை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். குறைவாக இருந்தால், குளவி உள்ள, மருந்தடிக்காத தோப்பிலிருந்து கூட்டுப்புழுக்களோடு ஓலைத்துண்டுகள் கொண்டுவந்து பத்து மரத்துக்கு ஒன்று வீதம் கட்டுங்கள். விழுந்த ஓலையை உடனே கொளுத்துவதும் தவறு. வெளிவராத குளவிகளையும் சேர்த்துக் கொளுத்துகிறோம்.

ஈக்களைப் பிடிக்க 5 அடி நீளம், 1½ அடி அகலமுள்ள மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 வீதம் ஆள் உயரத்தில் கட்டலாம். விசைத்தெளிப்பான் இருப்பவர்கள் கீழ் ஓலைகளின் அடிப்புறத்தில் வெறும் தண்ணீரையே வேகமாக அடிக்கலாம். தாக்குதல் மிகவும் முற்றி, குளவியும் இல்லையென்றால் மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசலுடன்.

கருப்பை நீக்க மைதா போதும். லிட்டருக்கு 25 கிராம். மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறவைத்து, மீதித் தண்ணீர் விட்டு, வடிகட்டித் தெளியுங்கள். வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு, மரத்தடியில் நிற்கிறவர் நம்மைத்தான் திட்டுவார். நல்ல வெயில் நாளில் அடிக்க வேண்டும். பசை காய்ந்து உரியும்போது கரும்பூசணமும் ஏடாகக் கழன்று விழும். வாழைக்கும் இதுவே.

வெயில் கூடும் மாதங்களில் ஈ பெருகும். நல்ல மழை பெய்தால் குறையும். குட்டை ரகமும் வீரிய ஒட்டும் வைத்திருப்பவர்கள் அந்த மரங்களை முதலில் பாருங்கள்.

ஓலை கொண்டுவந்தவர்கள் வெளியே மேசைக்கு வாருங்கள். பூதக்கண்ணாடி வைத்திருக்கிறோம். துளை வட்டமா, கிழிசலா என்று சேர்ந்தே பார்க்கலாம்.