மூன்று பேர், ஒரு மண்சட்டி

ஜப்பானில் 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு அனிமேத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. பெயர் ‘அமாமா தொ இனசுமா’. தித்திப்பும் மின்னலும் என்று தமிழில் சொல்லலாம். கிடோ அமாககுரே வரைந்த மாங்கா சித்திரக்கதையை வைத்து எடுத்தது, மொத்தம் 12 பகுதிதான். கோஹெய் என்று ஒரு கணித ஆசிரியர். மனைவி இறந்து ஆறு மாதம் ஆகியிருக்கிறது. பாலர் பள்ளிக்குப் போகும் மகள் த்சுமுகியோடு தனியாக இருக்கிறார். இரவுச் சாப்பாடு கடையில் வாங்கி வருவது. குழந்தை தொலைக்காட்சியைப் பார்த்தபடி அதைச் சாப்பிடும். அவர் வகுப்பில் படிக்கும் கொட்டோரி என்ற பெண்ணின் அம்மா ஒரு சிறிய உணவகம் நடத்துகிறார். அந்த உணவகத்தில் இந்த மூவரும் அவ்வப்போது கூடிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், கதை அவ்வளவுதான். பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது என்று பலரும் சொல்லும் தொடர் இது. அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. சாப்பாட்டின் ருசியிலிருந்து என்று முதலில் தோன்றும். சமைக்கத் தெரியாத மூன்று பேர் ஒருவரை ஒருவர் நம்பி அடுப்பு மூட்டுவதிலிருந்து வருகிறது என்பது என் கட்சி.

முதல் பகுதியில் அவர்கள் சமைப்பது என்ன தெரியுமா? வெறும் சோறு. தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் இறைச்சியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தை, இதை அம்மாவைச் செய்து தரச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்கிறாள். அதைக் கேட்ட தகப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக அந்த உணவகத்துக்குப் போகிறார். போனால், அங்கே சமைக்கிற அம்மா இல்லை. மகள் கொட்டோரி மட்டும் இருக்கிறாள். அவளால் முடிந்தது, ‘தோனாபே’ என்கிற மண்சட்டியில் சோறாக்குவது. ஜப்பானியர்கள் கஞ்சி வடிப்பதில்லை. அரிசியைக் களைந்து ஊறவைத்து, அளந்த தண்ணீரோடு மூடி, முதலில் அடுப்பை எரியவிட்டு, கொதி வந்ததும் தணித்து, கடைசியில் இறக்கி மூடியைத் திறக்காமல் கால்மணி நேரம் போல அப்படியே விட்டுவிடுவார்கள். பிரியாணிக்குத் தம் போடுகிறோமே, ஏறக்குறைய அதுதான். அவசரப்பட்டுத் திறந்தால் ஆவி போய்விடும். ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரம் நிறைய இருக்கிறது, தொடர் அந்த நேரத்தை வெட்டி எறியவில்லை. குழந்தை சட்டியைவிட்டுக் கண்ணெடுக்காமல் நிற்கிறாள். இதுவரை அவள் கண்ட சாப்பாடு, மூடி போட்ட பெட்டியில் முடிந்த பொருளாக வந்தது. இப்போதுதான் ஒன்று சாப்பாடாக மாறுவதைப் பார்க்கிறாள். தலைப்பில் உள்ள ‘இனசுமா’ என்ற சொல்லைப் பிரித்தால் நெல்லின் துணை என்று வரும். மின்னல் வெட்டினால்தான் கதிரில் பால் பிடிக்கும் என்று அந்த நாட்டுப் பழைய நம்பிக்கை. தலைப்புக்குள்ளேயே நெல் இருக்கும் கதை சோற்றிலிருந்து தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி அந்த மூவரின் குறைகளைப் பாருங்கள். கோஹெய்க்குக் கத்தி பிடிக்கப் பயமில்லை, ஆனால் சமையல் தெரியாது, சாப்பாட்டில் பெரிய நாட்டமும் இல்லை. கொட்டோரி சாப்பாடு என்றால் உயிரை விடுவாள், அம்மா எழுதிவைத்த செய்முறையும் கையில் இருக்கிறது. ஆனால் சின்ன வயதில் விரலை வெட்டிக்கொண்டதால் கத்தியைத் தொட நடுங்குவாள். த்சுமுகிக்கு இரண்டும் இல்லை. அவளிடம் இருப்பது பசியும், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று கூவுகிற மனசும். ஒருவர் விலகினாலும் அன்றைக்கு அடுப்பு எரியாது. தேர்ந்த சமையற்காரர் ஒருவர் ஆக்கிப் போட்டு மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டால், அங்கே கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். இங்கே அந்தக் கோடு விழவே இடமில்லை. பின்னால் ஒரு பகுதியில் நண்பர்களும் சேர்ந்து ‘கியோசா’ செய்கிறார்கள். நம் கொழுக்கட்டை போல உள்ளே பூரணம் வைத்து, மாவு வட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் தடவி மடிக்கிற பண்டம். எத்தனை கை இருந்தாலும் போதாத வேலை, கோணலாக மடித்ததும் வெந்துவிடும். குழந்தைக்கும் அதில் பங்குண்டு.

இது கதைக்கு நன்றாக இருக்கும், மனைவியை இழந்து வேலைக்கும் போகிற தகப்பனுக்கு ஏது இத்தனை நேரம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இவர்கள் தினமும் கூடுவதில்லை. எப்போதோ ஒரு நாள், நாள் பார்த்துத்தான் கூடுகிறார்கள். கடையில் வாங்கிய சாப்பாட்டைத் தொடர் பழிக்கவும் இல்லை. அந்தக் குழந்தையின் குறை, பெட்டியில் இருந்த சோறு அல்ல, அதை அவள் தனியாகச் சாப்பிட்டது. ஜப்பானியத்தில் இதற்கு ‘கோஷொக்கு’ என்றே ஒரு சொல் உண்டு, தனித்து உண்ணுதல் என்று பொருள். 2005-இல் உணவுக் கல்விக்கென்று அங்கே தனிச்சட்டமே இயற்றினார்கள். 2012-இல் டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்தில் ஒரு காய்கறிக் கடையில், பிள்ளைகள் தனியாகவே வந்து மலிவாகவோ இலவசமாகவோ சாப்பிடும் ‘கொதொமோ ஷொக்குதோ’ என்ற சிறுவர் உணவகம் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் அப்படிப் பல ஆயிரம் இருக்கின்றன. வயிற்றுப் பசி மட்டும் காரணமென்றால் பொட்டலம் கட்டி வீட்டுக்கு அனுப்பினால் போதும். மேசை போட்டுப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்திருக்கிறார்களே, அதை யோசிக்க வேண்டும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. வீட்டுச் சமையலைப் போற்றுவது, பெண்ணை அடுப்படியில் உட்காரவைத்ததைப் போற்றுவதாக முடியாதா? பல கதைகளில் அப்படித்தான் முடிகிறது, மறுக்க மாட்டேன். ஜப்பானிய அரசு இதே 2016-இல் எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளில், குழந்தை வளர்ப்பு உட்பட வீட்டு வேலைக்கு மனைவி ஒரு நாளில் செலவிட்ட நேரம் 7 மணி 34 நிமிடம், கணவன் 1 மணி 23 நிமிடம். அந்தக் கணக்கு நிலவிய நாட்டில்தான் இந்தத் தொடர் ஒரு ஆணைக் கரண்டி பிடிக்க வைக்கிறது. அதுவும் வீரதீரமாக அல்ல. சமையல் தெரியாத ஒரு மனிதன் வெங்காயத்தையும் குடமிளகாயையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறான். குடமிளகாயைத் தொடாத குழந்தைக்கு அதை எப்படி ஊட்டுவது என்பது ஒரு முழுப் பகுதிக்கான கவலை. மறைந்த மனைவி இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் செய்துவந்த வேலை என்னவென்பது, அவர் கை அதைச் செய்யும்போதுதான் அவருக்குப் பிடிபடுகிறது. அம்மாவின் கைமணம் என்று பாராட்டி நகர்ந்துவிடுவதைவிட இது பெரிய மரியாதை.

துக்கத்தைச் சர்க்கரை பூசி விற்கிறார்கள் என்றும் ஒரு குறை சொல்லப்படுகிறது. த்சுமுகி அழகாகப் பேசுகிறாள், அழகாகச் சிரிக்கிறாள், உண்மைதான். ஆனால் அவளுக்குக் குரல் கொடுத்தது ஒரு சிறுமியேதான். இத்தகைய பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் வளர்ந்த பெண்கள்தான் குரல் கொடுப்பார்கள். இந்தப் பிள்ளையின் பேச்சில் மழலையோடு பிடிவாதமும் தேம்பலும் கலந்தே வருகின்றன. அம்மா இல்லாதது வசனமாக வருவதைவிட, யாரும் எதிர்பாராத வேளையில் ஒரு கேள்வியாக வருகிறது. அந்த விளம்பர இறைச்சிக் கேள்வி அப்படிப்பட்டதுதான். கொட்டோரியின் துக்கம் வேறு. அவளுக்கு அம்மா இருக்கிறார், சமையலில் பேர் பெற்றவர், ஆனால் மகளோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்கு நேரமில்லை. கதை தொடங்கும்போது அந்தப் பெண், பூத்த செர்ரி மரத்தடியில் தனியாக உட்கார்ந்து அழுதபடி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இருபக்கமும் ஒரே பசிதான். மண்சட்டிச் சோற்றைத் தகப்பனும் மகளும் வயிறாரச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். அதன் பிறகு ஆசிரியரிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்று, என்னோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிட வருவீர்களா என்று.