மௌனம் நலத்திற்கு அறிகுறியா?



"தொழில்ல கத்துக்கிட்டதுல ஒண்ணு சொல்லுங்க தம்பி" என்றார் சங்கச் செயலாளர். என் பிழைப்பு டேட்டாபேஸ் சர்வர்களைப் பராமரிப்பது. அதிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். இரவு எடுக்கும் பேக்கப் தோற்றால் மெயில் வரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். மெயில் ஏதும் வராததால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்த அன்று என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் பதினோரு நாளாகப் பேக்கப்பே இல்லை! எச்சரிக்கை மெயில் தினமும் போயிருக்கிறது, வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு. ஊழியர்களின் சம்பளக் கணக்கு முழுவதும் அந்த டிஸ்க்கில். அதை மீட்க முடிந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பார்கள். சர்வரின் மௌனம் நலத்திற்கு அறிகுறி அல்ல.

சரி, மெயில் வரலைன்னா எங்கே தேடுவது? மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரை எடுத்துக்கொள்வோம். அதன் 2005 பதிப்பில் 'டேட்டாபேஸ் மெயில்' என்ற வசதி வந்தது. முதலில் அதிலிருந்து ஒரு டெஸ்ட் மெயில் அனுப்புங்கள். போகவில்லையா? அதற்கென்றே உள்ள லாகைப் படியுங்கள். 25 அல்லது 587-ஆம் போர்ட்டை ஃபயர்வால் தடுத்திருக்கலாம், பாஸ்வேர்டு மாறியிருக்கலாம். சொந்த ஜிமெயில் கணக்குகளில் சாதாரண பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி புரோகிராம்கள் நுழைவதை 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்தியது. அன்றோடு ஓய்ந்த எச்சரிக்கைகள் உண்டு.

லாகில் 'சென்ட்' என்று இருந்தால் மெயில் சர்வர் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். உங்கள் கைக்கு வந்ததாக அர்த்தமில்லை. ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

டெஸ்ட் மெயில் வருகிறது, ஆனால் ஜாப் தோற்றால் வருவதில்லையா? பலர் தடுமாறும் இடம் இது. ஜாப்களை ஓட்டுவது 'ஏஜென்ட்' என்ற தனி சர்வீஸ். அதன் 'அலர்ட் சிஸ்டம்' பக்கத்தில் மெயில் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஏஜென்ட்டை ஒருமுறை நிறுத்தி ஓட விட வேண்டும். பிறகு, தகவல் பெறுபவரை 'ஆபரேட்டர்' என்று பதிந்து, ஒவ்வொரு ஜாபிலும் அவரைக் குறிக்க வேண்டும்.

இன்னொன்று. டிஸ்க்கிலிருந்து முதல் முயற்சியில் படிக்க முடியாமல், மறுமுயற்சியில் படித்தால் 825 என்ற செய்தி வரும். டிஸ்க் கெடப்போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு அது. ஆனால் அதன் தீவிரம் வெறும் 10. தீவிரம் 17-க்கு மேல் என்று மட்டும் அலர்ட் வைத்தால் அது தப்பிவிடும். எண்ணைச் சொல்லித் தனியாக வையுங்கள்.

கடைசியாக மூன்று பழக்கம். ஒருவர் பெயருக்கு அனுப்பாமல் குழு முகவரிக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே ஒரு ஜாபைத் தோற்க வைத்து, மெயில் வருகிறதா என்று பாருங்கள். தினமும் காலையில் 'நலம்' என்று ஒரு மெயில் வரட்டும். அது வராத நாளே எச்சரிக்கை.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும், புகார் வரவில்லை என்பதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். போய்ப் பாருங்கள்.