சேர்க்கையும் வாழ்க்கையும்

(ஜொகூர் மாநிலத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையில் பேசிப் பழகியவன் அல்லன் நான். பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்கு வந்து, கரும்பலகையோடு காலம் தள்ளுகிறவன். ஆகவே பெரிய தத்துவம் எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

அந்தக் கேள்வி இதுதான்: "சார், பெரியவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். சின்னவனும் வளர்ந்ததும் போவேங்குறான். சம்பளம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சேர்க்கை கெட்டுப் போயிடுமோன்னு பயமா இருக்கு சார்."

நியாயமான பயம். தோட்டத்திலே யார் பிள்ளை, யாரோடு சுற்றுகிறான் என்பது லயத்துக்கு லயம் தெரியும். மாலையில் ஒருவன் தப்பு செய்தால் மறுநாள் காலைப் பெரட்டுக்குள் செய்தி வந்துவிடும். பாலத்தைத் தாண்டிவிட்டால் அப்படிப் பார்க்கிற கண் ஒன்றும் கிடையாது.

திருவள்ளுவர் இந்தப் பயத்தை அறிந்தவர். ‘சிற்றினம் சேராமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அது 46ஆம் அதிகாரம். அதற்கு முன்னால், 45ஆம் அதிகாரமாக அவர் வைத்தது என்ன? ‘பெரியாரைத் துணைக்கோடல்’. தக்காரைத் தேடிப் போய்த் துணையாக்கிக் கொள் என்பது முதலில் வருகிறது. தகாதவரோடு சேராதே என்பது அடுத்துத்தான் வருகிறது.

நாம் என்ன செய்கிறோம்? "அவனோட சேராதே, இவனோட சேராதே" என்று 46ஐ மட்டும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து வைக்கிறோம். யாரோடு சேரவேண்டும், அவரை எங்கே தேடவேண்டும் என்னும் 45ஐச் சொல்லிக் கொடுப்பதில்லை. சேராதே என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, புது ஊரில் தனியாக நிற்பான். தனியாக நிற்கிறவன் தோளில் முதலில் யார் வந்து கை போடுகிறானோ, அவன் பின்னாலேயே போய்விடுவான். பெற்றோர்களே, நாம் பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

45ஆம் அதிகாரத்தை வாழ்ந்து காட்டிய ஒருவரைச் சொல்கிறேன். அவர் பெயர் கோ. சாரங்கபாணி. 1903இல் திருவாரூரில் பிறந்தவர். 1924இல் சிங்கப்பூருக்கு வந்தார். ஜொகூர்ப் பாலம் திறந்துவைக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். வந்து அவர் பார்த்த வேலை கணக்கு எழுதுவது. அந்த நாளில் அப்படிக் கப்பலேறி வந்த தமிழ் இளைஞர் எத்தனையோ பேர். பேரேடு, சம்பளம், ஊருக்குப் பணம் என்று அவர்கள் வாழ்க்கை ஒழுங்காகப் போயிற்று. இவருக்கும் அப்படியே போயிருக்கலாம்.

1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். சாதி வேற்றுமை ஒழியவேண்டும், பெண்கள் படிக்கவேண்டும், தமிழன் தலைநிமிர்ந்து நடக்கவேண்டும் என்று பேசினார். தோட்டத்திலும் பட்டணத்திலும் கூலி என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்ட நம் மக்களுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவரைச் சந்தித்த இளைஞர்களில் சாரங்கபாணியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 26.

அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் ஏராளம். பலர் கைதட்டிவிட்டு வீடு திரும்பினார்கள். சாரங்கபாணியோ கேட்டதை மறுநாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியபோது அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரானார். 1935 ஜூலையில் ‘தமிழ் முரசு’ வெளிவந்தது. விலை ஒரு காசு! உழைப்பாளியின் சட்டைப் பையிலும் ஒரு காசு இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஏடு இன்றும் சிங்கப்பூரில் நாளிதழாக வந்துகொண்டிருக்கிறது.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நாருக்குத் தன் விருப்பம் என்று ஒன்றும் இல்லை. பூ வாடினால் அதுவும் மணம் இழக்கும். சாரங்கபாணி அப்படி நாராக இருந்துவிடவில்லை. பெரியாரிடம் பெற்றதைத் தம் மண்ணுக்குத் தக்கபடி பயன்படுத்தினார். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் தமிழர் என்ற ஒரே பெயரில் கூடும்படி, 1952இல் பொங்கலை ஒட்டித் ‘தமிழர் திருநாள்’ கொண்டாட வழி செய்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்த காலத்தில், அங்கே தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். உழைக்கும் மக்கள் தங்கள் கூலியிலிருந்து வெள்ளி கொடுத்தார்கள். அந்தத் துறை பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. அங்கே நம் பிள்ளைகள் இன்றும் தமிழ் படிக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. தமிழ் முரசில் ‘மாணவர் மணிமன்றம்’ என்று பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதற்கென்றே இடம் ஒதுக்கினார். தப்பும் தவறுமாக எழுதியவர்கள் எழுதி எழுதித் தேறினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அதில்தான் கைப்பழக்கம் பெற்றார்கள். ஒரு காலத்தில் பெரியாரைத் தேடிச் சென்ற இளைஞர், பிறகு மற்றவர்கள் தேடி வரும் பெரியவரானார். 1974இல் அவர் மறைந்தார். அவர் திறந்த கதவு வழியாகப் போனவர்களின் பெயர்களை எழுதினால் இந்த மலர் போதாது.

இன்னொருவர் நம்மைப் போலவே ரப்பர் வாசத்தில் வளர்ந்தவர். யாழ்ப்பாணத்தில் 1915இல் பிறந்து, சிரம்பான் பக்கம் வளர்ந்த எஸ். ராஜரத்னம். தகப்பனார் ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். பிள்ளையை வக்கீலாக்க 1935இல் லண்டனுக்கு அனுப்பினார்கள். யுத்தம் வந்தது, படிப்பு முடியவில்லை. ஊர்ப் பேச்சில் சொல்வதானால், பையன் போன காரியம் கெட்டது! ஆனால் அங்கே எழுத்தாளர்களோடும் விடுதலை பேசிய பல நாட்டு இளைஞர்களோடும் பழகிப் பேனா பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

திரும்பி வந்து சிங்கப்பூரில் பத்திரிகையாளராக இருந்தபோது, 1952இல் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்களுக்காக வாதாடிய இளம் வக்கீல் லீ குவான் இயூ. அவரை ராஜரத்னத்துக்கு அறிமுகம் செய்துவைத்தவர் கோ கெங் சுவீ. ஆக்ஸ்லி ரோட்டு வீடொன்றின் கீழ்த்தளத்து அறையில் கூடிப் பேசியவர்கள் 1954இல் ஒரு கட்சியையே தொடங்கினார்கள். 1965இல் ராஜரத்னம் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் தேசிய உறுதிமொழிக்கு 1966இல் வடிவம் கொடுத்ததும் அவர் பேனாதான். ஒரு நண்பர் இன்னொருவரைக் காட்டிய சிறு காரியத்தின் விளைவைப் பார்த்தீர்களா?

"சார், அதெல்லாம் பெரிய மனுஷங்க கதை. எங்க புள்ளைக்கு என்ன?" என்று கேட்பீர்கள். சரி, தேக்காவுக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காய்கறி வாங்க, ஊருக்குப் பணம் அனுப்ப, ஊர்க்காரனைப் பார்க்க என்று தொழிலாளர் கூட்டம் தெருவை நிறைக்கும். 2013 டிசம்பர் 8ஆம் தேதி, அப்படி ஒரு ஞாயிறு இரவில், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்தது. கல் பறந்தது. போலீஸ் வண்டியும் ஆம்புலன்சும் எரிந்தன. 25 பேர் மீது வழக்கு வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே இரவில் அதே கூட்டத்தில், கல் எறிந்தவர்களைக் கை நீட்டித் தடுத்த தொழிலாளர்களும் இருந்தார்கள்.

ஒரே தெரு, ஒரே கூட்டம். கல்லை எடுத்துக் கொடுக்கிறவன் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கலாம். கையைப் பிடித்து நிறுத்துகிறவன் பக்கத்திலும் நிற்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் போய் நல்ல ஆளைத் தேட முடியாது. முன்னாலேயே தேடிப் பழகியிருக்க வேண்டும். கடன் பட்டு வந்த ஒருவனுக்கு அந்த ஐந்து நிமிடம் வாழ்க்கையையே புரட்டிவிடும். ஆகவே இது பெரிய மனிதர்களின் கதை மட்டும் அல்ல.

பெற்றோர்களே, பிள்ளை பாலம் தாண்டும்போது ஊறுகாய் பாட்டிலோடு ஒரு முகவரியும் கொடுத்தனுப்புங்கள். லீவு நாளில் போய்ப் பார்க்க ஒரு நல்ல குடும்பம், வேலை நுணுக்கம் தெரிந்த ஒரு மூத்தவர், யாராவது ஒருவர். தெரிந்தவர் இல்லையென்றால் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் அடுக்கடுக்காய் இருக்கிறது. 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் இருக்கிறது. கூட்டத்துக்குப் போனால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். நல்ல மனிதர்கள் அகப்படும் இடங்கள் இவை.

மாணவ மணிகளே, நீங்கள் இன்றைக்கே பழகலாம். உங்களைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவனைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லது ஒன்று கேட்டால் மறுநாளே அதில் கொஞ்சமாவது செய்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. "என் பையன் நல்லவன், சேர்க்கைதான் சரியில்லை" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். அடுத்த வீட்டுப் பையனுக்குச் சேர்க்கை யார்? நம் பையன்தானே! மற்றவர்கள் நம்மை உருவாக்குவதுபோல் நாமும் மற்றவர்களை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆதலால், 45ஆம் அதிகாரத்தைத் தேடிப் போகும் பிள்ளைகளாக இருங்கள். வளர்ந்த பிறகு, மற்றவர் தேடி வரத்தக்க மனிதர்களாகவும் இருங்கள்.

பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டு. பெறாதவர்களுக்கு, அடுத்த ஆண்டு இந்த மேடை காத்திருக்கிறது.